வீட்டுக் காப்பியும் பிரெஞ்சுக் குடுவையும்

தமிழ் ஆனர்ஸ் வகுப்பில் பயில்வோர் சங்கச் செய்யுளைப் பற்றியோ காப்பியச் சுவையைப் பற்றியோ எழுதுதலே முறை என்றும், பிறவற்றைத் தொடுதல் அவர்தம் கல்விக்கு இழுக்கு என்றும் கருதுவோர் நம் கல்லூரியில் உளர். காப்பியத்தை விடுத்துக் காப்பியைப் பற்றி எழுதப் புகும் எம்மை நோக்கி அவர் நகுவராயின், நகுக. நாள்தோறும் விடியற்காலையில் வீடுகள்தோறும் நிகழ்வதும், ஒரு நாள் தவறினும் வீட்டிலுள்ளார் அனைவர் முகத்தையும் வாடச் செய்வதும் ஆகிய ஒரு காரியம் எழுதத் தகாத அத்துணைச் சிறுமையுடையது என்று யாம் நினைக்கவில்லை. அன்றியும், அக்காரியம் யாருடைய கையால், யாருடைய உறக்கத்தைக் குறைத்து நடைபெறுகின்றது என்னும் வினா ஒன்று அதனுள் அடங்கிக் கிடக்கின்றது. அதனைப் பேசுதற்கே எழுதத் துணிந்தோம்.

முதற்கண் பெயரைப் பற்றிச் சிறிது கூறுவோம். 'காப்பி' என்று எழுதுவதா, 'காபி' என்று எழுதுவதா என்பதில் நம் நண்பருக்குள்ளேயே ஒருமைப்பாடு இல்லை. ஈழநாட்டார் 'கோப்பி' என்பர். தனித்தமிழ்ப் பற்றுடைய அன்பர் 'குளம்பி' என்பர். அரபு மொழியில் 'கஹ்வா' என வழங்கிய சொல் துருக்கியர், இத்தாலியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் முதலியோர் நாவில் உருண்டு உருண்டு நம்மிடம் வந்து சேர்ந்தது. குளம்பி என்னும் ஆக்கத்தை இகழ்வது எம் கருத்தன்று. ஆயினும் கொங்கு நாட்டுத் தாயொருத்தியிடம் சென்று 'குளம்பி தருக' என்போமாயின், அவள் குதிரையைத் தேடுவாள். ஆதலின் காப்பி என்றே எழுதுகின்றோம்.

தமிழர்க்கும் காப்பிக்கும் உள்ள உறவு பழமையானதன்று. பாபா புதான் என்னும் சூபிப் பெரியார் மக்கா யாத்திரை முடித்து மீள்கையில் ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து, மைசூர் நாட்டுச் சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது 17-ஆம் நூற்றாண்டைப் பற்றி வழிவழியாக வழங்கும் கதை. சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்பார் 1820-ஆம் ஆண்டை ஒட்டிச் சேர்வராயன் மலையில் காப்பிச் செடியைப் பயிராக்கினார். அந்நூற்றாண்டிலேயே தமிழ் நாட்டு ஏழை மக்கள் பல்லாயிரவர் கடல் கடந்து இலங்கை மலைகளிலுள்ள கோப்பித் தோட்டங்களில் உழைத்து மடிந்தனர். அப்பயிர்த் தொழிலைப் பற்றி ஆபிரகாம் ஜோசப் என்பார் 'கோப்பிக் கிருஷிக் கும்மி' என்றொரு நூலையே 1869-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அதே ஆண்டில் இலைத்துரு என்னும் நோய் இலங்கைக் கோப்பியைப் பற்றத் தொடங்கிற்று என்பது இரங்கத்தக்கதொரு பொருத்தம். சில பத்தாண்டுகளுக்குள் கோப்பி நின்ற மலைகள் தேயிலை மலைகளாயின.

செடியை நட்டுக் களை பறித்த கைகள் வேறு. அதன் சாற்றைச் சுவைத்த நாவுகள் வேறு. இங்குக் காப்பி முதலிற் புகுந்த இடம் நகரத்து நடுத்தர வகுப்பார் வீடு. பேராசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் இதனை விரித்துக் காட்டியுள்ளார். காப்பி நடுத்தர வகுப்பாரின், சிறப்பாகப் பிராமணரின், அடையாளமாகவும், தேநீர் உழைப்பாளியின் பானமாகவும் பிரிந்து நின்ற வரலாற்றை அறிய விரும்புவோர் நம் நூல்நிலையத்தில் அதனைக் கேட்டுப் பெறுக.

அப்பிரிவைத் திருப்பூரில் இன்றும் கண்கூடாகக் காணலாம். பனியன் கம்பெனிக்குள் காப்பி நுழைவதில்லை. காலை எட்டரைக்குப் புகுந்து இரவு எட்டரைக்கு வெளிவரும் 'ஒன்றரை ஷிப்ட்' வேலையில், கட்டிங் மேசைக்கும் ஓவர்லாக், பிளாட்லாக் மெஷின்களுக்கும் செக்கிங் பெண்டிர்க்கும் முற்பகலிலும் பிற்பகலிலும் வருவது தேநீரே. ஒரிஸ்ஸாவிலிருந்தும் பீஹாரிலிருந்தும் வந்து தைப்போர்க்கும், மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தைப்போர்க்கும் பொதுவான மொழி ஒன்று உண்டெனில் அது தேநீர்தான். காப்பியோ வீட்டுப் பொருள். விடியலில் ஒரு முறை. ஞாயிற்றுக்கிழமை மாலையில் விருந்தினர் வரின் மற்றொரு முறை.

அவ்வீட்டுக் காப்பி எவ்வாறு உண்டாகின்றது என்பதை நோக்குவோம். இரவு ஒன்பது மணிக்கு வேலையினின்று திரும்பும் தாய் சமைத்து, பரிமாறி, பாத்திரம் துலக்கிய பின்னர், பித்தளையாலோ எவர்சில்வராலோ ஆன பில்ட்டரின் மேற்பாகத்தில் தூளை இட்டு, குடைத் தட்டால் அமுக்கி, கொதிநீர் ஊற்றி மூடி வைத்துவிட்டுப் படுக்கின்றாள். சொட்டுச் சொட்டாக இறங்கும் டிகாக்ஷன் விடியும் வரை காத்திருக்கின்றது. ஐந்து மணிக்கு எழுந்து, குழாயில் தண்ணீர் வரும் நாளாயின் குடம் நிறைத்து, பால் காய்ச்சி, டிகாக்ஷன் கலந்து, கணவற்கும் மாமியார்க்கும் மைந்தர்க்கும் கொடுத்து, எஞ்சிய கலங்கலில் மிஞ்சிய பாலை விட்டுத் தான் நின்றவாறே குடித்துவிட்டு, உணவு டப்பாக்களை நிறைக்கச் செல்கின்றாள். எட்டரைக்கு அவளும் கம்பெனி வாயிலில் இருத்தல் வேண்டும். 'எங்கள் வீட்டுக் காப்பியைப் போல் எங்கும் இல்லை' என்று விடுதியில் நாம் பெருமை பேசுகின்றோமே, அப்பெருமையின் விலை இது. கணவனும் கம்பெனியில்தான் உழைக்கின்றான். ஆயினும் அவன் உழைப்பு எட்டரை மணிக்கு முடிகின்றது.

இவ்விடத்தில்தான் பிரெஞ்சு பிரஸ் என வழங்கும் அழுத்துகுடுவையை யாம் நினைத்துப் பார்க்கின்றோம். அஃது ஒரு கண்ணாடிக் குடுவை. மூடியின் நடுவே ஒரு தண்டு. தண்டின் அடியில் நுண்ணிய கம்பிவலைத் தட்டு. தூளும் வெந்நீரும் குடுவையில் கலந்து நான்கு நிமிடம் ஊறியபின் தண்டை அமுக்கினால் மண்டி அடியில் தங்கும். சாறு மேலே நிற்கும். கருவி முழுவதும் இவ்வளவே. மின்சாரம் வேண்டுவதில்லை, வெந்நீர் காய்ச்ச ஓர் அடுப்பு இருந்தாற் போதும். அதன் பெயரில் பிரான்சு இருப்பினும் வரலாற்றில் இத்தாலிக்கும் பங்குண்டு. 1852-ஆம் ஆண்டில் மேயர், டெல்போர்ஜ் என்னும் இருவர் பாரிசில் இத்தகைய கருவி ஒன்றிற்கு உரிமை பெற்றனர். 1929-ல் மிலான் நகரத்துக் காலிமானியும் மொனேத்தாவும் அதனைத் திருத்திப் புதிய உரிமை பெற்றனர். 1958-ல் பொண்டானினி என்னும் மற்றோர் இத்தாலியர் இப்பொழுது நாம் காணும் வடிவிற்கு அதனைக் கொணர, அது பிரான்சில் கிளாரினெட் குழல் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் செய்யப்பெற்றுப் பரவிற்று. இத்தாலியர் திருத்திய பொருளுக்குப் பிரெஞ்சுப் பெயர் அமைந்தமை நமக்கு வியப்பன்று. அவிநாசி சாலையில் தைத்த சட்டையின் கழுத்தில் அயல்நாட்டுப் பெயர்ச்சீட்டு ஏறுவதை நாளும் காண்கின்றவர் நாம்.

காப்பி போடும் முறையைச் சற்று விரித்தே கூற வேண்டும்; குறையெல்லாம் முறையறியாமையால் விளைவதேயன்றிக் கருவியால் விளைவதன்று. தூளை வாங்கும்போதே கடைக்காரரிடம், 'பில்ட்டருக்கு அரைப்பதுபோல் நைசாக வேண்டா. ரவைபோல் பருமனாக அரைத்துக் கொடுங்கள்' என்று சொல்லுதல் வேண்டும். நைசான தூள் வலையின் கண்ணில் அடைத்துக்கொள்ளும். அப்பொழுது தண்டை வலிந்து அமுக்கினால் வெந்நீர் மூடியைத் தள்ளிக்கொண்டு கையிற் சிதறும். இதனால் கை வெந்தவரை யாம் அறிவோம். அரை லிட்டர் நீருக்கு 30 கிராம் தூள் அளவு. பால் கலந்து குடிப்போர் அதே நீருக்கு 50 கிராம் இடுக. முதலில் குடுவையை வெந்நீரால் அலம்பிச் சூடாக்கிக் கொள்ளுதல் நலம். குளிர்ந்த கண்ணாடியில் கொதிநீர் திடீரென விழுந்தால் விரிசல் காணும். நீர் தளதளவெனக் கொதித்த பின் அடுப்பை அணைத்து, அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை பொறுத்து ஊற்றுக. 92 முதல் 96 பாகை வரை உள்ள சூடே காப்பிக்கு ஏற்றது என்பர் அறிந்தோர். மரக்கரண்டியால் ஒரு முறை கலக்கி, மூடியை வைத்து, நான்கு நிமிடம் காத்திருந்து, மெல்ல மெல்ல அமுக்குக. அமுக்கியபின் சாறு முழுவதையும் உடனே வேறு பாத்திரத்தில் ஊற்றிவிடுதல் வேண்டும். மண்டியின் மேலேயே நிற்க விட்டால் அது மேலும் மேலும் ஊறிக் கசப்பேறும். பிறர் வீடுகளில் யாம் குடித்த பிரெஞ்சு பிரஸ் காப்பி பெரும்பாலும் இவ்வொரு பிழையினாலேயே கெட்டிருந்தது.

சிக்கரியைப் பற்றியும் ஒரு சொல். சிக்கரி காப்பியன்று, ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்த பொடி. நெப்போலியன் 1806-ல் ஆங்கில வாணிகத்தைத் தடுத்தபோது காப்பிக்கு முடைப்பட்ட பிரெஞ்சுக்காரர் அதனைக் கைக்கொண்டனர். முடை நீங்கிய பின்னும் பழக்கம் நீங்கவில்லை. நம் நாட்டில் காப்பியுடன் சிக்கரி கலந்து விற்போர், கலவையில் காப்பி நூற்றுக்கு 51 பங்கேனும் இருத்தல் வேண்டும் என்பதும், கலந்த அளவை உறைமேல் எழுதுதல் வேண்டும் என்பதும் சட்டம். பில்ட்டரில் சிக்கரிக்கு ஒரு வேலை உண்டு. அது டிகாக்ஷனுக்குக் கருமையும் கட்டியும் தந்து, பாலுக்கு முன் தோற்றுப் போகாமல் காக்கும். அழுத்துகுடுவையிலோ அதற்கு வேலை இல்லை. சிக்கரி நீரிற் பெரும்பகுதி கரைந்துவிடுவது. காப்பித் தூளோ ஐந்தில் ஒரு பங்களவே சாறாக இறங்குவது. நான்கு நிமிடம் இரண்டையும் சேர ஊற வைத்தால் சிக்கரியே முந்திக்கொள்ளும். நாம் குடிப்பது வேர்க்கஷாயமாகும். 'பியூர்' என்று கேட்டு, பிளாண்டேஷன் ஏ என்னும் வகையையோ பீபெரி என்னும் ஒற்றைப் பருப்பு வகையையோ வாங்குக. விலை கூடும். சிக்கரியால் மலிவாகும் காப்பியை நம்பியிருக்கும் வீடுகள் பல என்பதை யாம் மறந்திலேம். அன்னார்க்கு இக்குடுவை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் ஆகுக.

நிற்க. திருப்பூர்க் காப்பியைப் பற்றி எழுதுவோர் தண்ணீரைப் பற்றிப் பேசாது செல்லுதல் நேர்மையாகாது. ஒரு டம்ளர் வரக்காப்பியில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கிற்கு மேல் தண்ணீரே. வெள்ளியங்கிரி மலையிற் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து, காவிரியிற் கலக்கும் நொய்யலாறு சாயக் கழிவாற் பாழ்பட்ட கதையை நாம் அறிவோம். பாசனத்திற்கெனக் கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் கழிவைச் சிறிதும் வெளிவிடாத நிலையை அடையும் வரை மூடப்படுதல் வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் 2011-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் ஆணையிட்டது. பட்டறைகள் பின்னர்க் கழிவைச் சுத்திகரித்து மீளப் பயன்படுத்தும் வகையைக் கைக்கொண்டன என்பது உண்மையே. ஆயினும் நிலத்தடியில் இறங்கிய உப்பு ஆணைக்கு அஞ்சி ஏறி வருவதில்லை.

ஆகவே நம் ஊர்ப் பேச்சில் தண்ணீர் இரண்டு: 'நல்ல தண்ணி', 'உப்புத் தண்ணி'. பவானியிலிருந்தும் காவிரியிலிருந்தும் குழாய்வழி வருவது முன்னது. ஆழ்குழாய்க் கிணற்றில் எழுவது பின்னது. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு உட்பட்டிருத்தல் நலம் என்றும், வேறு நீர் கிடையாவிடத்து 2000 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தரவளவு கூறும். காப்பிக்கோ 150-ஐ ஒட்டியிருத்தல் சிறப்பென்பர் அத்துறையார். உப்புத் தண்ணீரில் போட்ட காப்பி மண்போல் மந்தமாயிருத்தற்குக் காரணம் உண்டு. அந்நீரிலுள்ள காரம் காப்பியின் இனிய புளிப்பை அடித்துவிடுகின்றது. இதற்கஞ்சி, ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரையோ இருபது லிட்டர் கேனில் வரும் நீரையோ ஊற்றுவோர் பலர். அதிலும் ஒரு குறை உண்டு. உப்பு முழுவதும் நீங்கிய நீர் காப்பியின் சுவையைச் சரிவர இழுப்பதில்லை. சாறு மெலிந்து கூர்த்து நிற்கும். நல்ல தண்ணீர் வரும் நாளில் பிடித்து வைத்த குழாய் நீரே, கேன் நீரினும், இக்குடுவைக்கு ஏற்றது என்பது எம் துணிபு. பாலும் சிக்கரியும் சர்க்கரையும் நீரின் குற்றத்தை மூடி மறைக்கும். பாலின்றிக் குடிக்கும் காப்பியில் ஆற்றின் வரலாறு முழுவதும் நாவில் தெரியும்.

வரக்காப்பி என்றதும் ஒன்று நினைவிற்கு வருகின்றது. பால் வாங்க இயலாத வீட்டில் கருப்பட்டியோ வெல்லமோ இட்டுக் குடித்தது வரக்காப்பி. விருந்தினர்க்கு அதனைக் கொடுக்க நேர்ந்தால் தாய்மார் நாணினர். இப்பொழுது பெருநகரக் கடைகளில் அதே பாலில்லாக் காப்பிக்கு ஆங்கிலப் பெயரிட்டுப் பாற்காப்பியினும் மிகுந்த விலை பெறுகின்றனர். கற்றோர் வரிசையில் நின்று வாங்குகின்றனர். எம் பாட்டிமார் இதனைக் கேட்டால் என் சொல்வரோ!

உடல்நலத்தைப் பற்றிய ஓர் எச்சரிக்கையை மறைத்தல் கூடாது. காப்பி எண்ணெயில் கபெஸ்டால் என்னும் ஒரு பொருள் உண்டு. அஃது இரத்தத்தில் கொழுப்பை உயர்த்துவது. காகிதவடி அதனைப் பெரும்பாலும் தடுத்துவிடும், கம்பிவலை தடுப்பதில்லை. நார்வே நாட்டில் ஐந்து இலட்சத்திற்கு மேற்பட்டோரை 20 ஆண்டளவு தொடர்ந்து நோக்கி 2020-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வடிகட்டிய காப்பி குடிப்போர் வடிகட்டாத காப்பி குடிப்போரினும் நலமுற்றிருந்தமை கண்டனர். ஆகவே நாளொன்றுக்கு ஐந்தாறு முறை இக்குடுவைக் காப்பியைக் குடித்தல் தகாது; கொழுப்பு நோயுள்ள பெரியோர்க்கு இதனை நாள்தோறும் கொடுத்தலும் தகாது. இதற்குத் திருப்பூரார் கையிலேயே ஒரு மருந்து இருக்கின்றது. சிங்கப்பூர்க் கடைகளில் கோப்பியை நீண்ட துணிப்பையில் வடிக்கின்றனர். அவ்வாறு வடித்ததில் அப்பொருள் மிகக் குறைவு என்று ஆராய்ந்தோர் கூறுவர். துணிக்கோ நம்மிடம் பஞ்சமில்லை. ஆனால் பனியன் துணி இதற்கு ஆகாது. அது கண்ணி கண்ணியாகப் பின்னியது. ஈரமும் பாரமும் பட்டால் இழுபட்டுக் கண் திறக்கும். பாவும் ஊடையுமாக நெய்த காடாத் துணியே வேண்டும். பல்லடத்திலும் சோமனூரிலும் விசைத்தறிகள் இரவு பகலாக நெய்து தள்ளும் வெளுக்காத காடாவில் ஒரு முழம் கொணர்ந்து, பாவில் ஏற்றிய கஞ்சிப் பசை நீங்கும்படி இரு முறை கொதிக்க வைத்து அலசி, குடுவையிலிருந்து ஊற்றும் சாற்றை அதன்வழி வடித்துக் கொள்க. மண்டியும் வாராது. எந்தத் துணி எதனை விடும், எதனைப் பிடிக்கும் என்பதை உலகிற்கே கற்பிக்க வல்ல ஊரார், காப்பி வடிக்கக் கடையில் காகிதம் வாங்குதல் நகைப்பிற்கிடமாகும்.

இனித் தடைகளை நோக்குவோம். பில்ட்டர் இருக்க இஃது ஏன் என்பது ஒரு தடை. பில்ட்டரைத் தூக்கி எறியுமாறு யாம் கூறவில்லை. கட்டியான டிகாக்ஷனில் நுரை பொங்க ஆற்றிய பாற்காப்பியை அழுத்துகுடுவை தாராது. அதனை விரும்பும் நாவிற்கு பில்ட்டரே கதி. கதர் மணத்த ஊரில் அயல்நாட்டுக் குடுவையா என்பது மற்றொரு தடை. விடுதலைப் போர்க் காலத்தில் திருப்பூர் தமிழகத்துக் கதர் வாணிகத்தின் நடுவிடமாய் விளங்கியதும், 1932-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் கொடி ஏந்தி அடிபட்டுக் குமரன் உயிர் நீத்ததும் நமக்குப் பெருமை. அக்கதரைத் தந்த காந்தியடிகள் 1942-ல் சிறையிலிருந்து எழுதிய உடல்நல நூலில் தேநீரும் காப்பியும் உடம்பிற்குத் தேவையல்ல என்றே கூறினார். அதனை ஏற்று அறவே விடுவாரை வணங்குகின்றோம். விடாதவர் குடுவையை மட்டும் அயல் என்பது பொருந்தாது. விதை அரபு நாட்டது, சிக்கரி ஐரோப்பாவினது, நாம் பழமையெனக் கொண்டாடும் ஈரடுக்குப் பில்ட்டரே, 1800-ஆம் ஆண்டையொட்டிப் பாரிசு நகர்ப் பேராயர் தெ பெல்வா வகுத்ததாகச் சொல்லப்படும் சொட்டுக்கலத்திற்கு மிக நெருங்கிய உறவாகத் தோன்றுகின்றது.

எம்மைப் பொறுத்தவரை இக்குடுவையின் பெருஞ்சிறப்பு அதன் சுவையன்று. அதற்குக் கைப்பழக்கம் வேண்டாமை. பில்ட்டர் ஒரு வித்தை. எவ்வளவு அமுக்குவது, எத்தனை முறை தட்டுவது, எப்பொழுது இரண்டாம் நீர் விடுவது என்பன தாய்மார் கையிற் பல்லாண்டு ஊறிய அறிவு. 'எனக்கு அந்தப் பக்குவம் வாராது' என்று ஆண்மக்கள் கூறித் தப்புதற்கு அதுவே வாய்ப்பாகவும் ஆகின்றது. அழுத்துகுடுவைக்கு வேண்டுவன ஒரு தராசும் ஒரு கடிகாரமும். முப்பது கிராம் நிறுக்கவும் நான்கு நிமிடம் எண்ணவும் அறியாத கல்லூரி மாணவர் உளரோ? கணக்குப் பாடத்தில் தேறியவர்க்குத் தப்புவழி இல்லை.

எம் வகுப்புத் தோழர் ஒருவர் சென்ற கோடை விடுமுறையில் வீட்டில் இதனைத் தொடங்கினார். முதல் நாள் அடுப்படியில் ஓசை கேட்டு எழுந்து வந்த அன்னையார், 'ஆம்பளப் பையனுக்கு அடுப்படீல என்ன கண்ணு வேல? தள்ளு, நான் போடறேன்' என்று மறித்தனராம். 'நீ உட்காரும்மா, நாலே நிமிசம்' என்று இவர் விடையிறுத்தனர். அவ்வம்மையார் திண்ணையில் அமர்ந்து, பிறர் போட்ட காப்பியைத் தம் வீட்டில் அமர்ந்து குடித்தது அன்றே முதன்முறையாம். 'துளி மண்டியா இருக்குது. நாளைக்கும் போடு' என்றனராம். அயல்வீட்டார் சிலர் இதனைக் கேட்டு, மகனை மருமகளாக்கிவிட்டாள் என்று நகைத்தனர். அவர் நகைப்பைப் பொருட்படுத்தாது தோழர் விடுமுறை முழுவதும் போட்டார். அந்நாற்பது நாளும் அவ்வம்மையார் ஐந்து மணிக்குப் பதில் ஐந்தரை மணிக்கு எழுந்தனர். அரை மணி உறக்கம் சிறிதென்பார் ஒன்றரை ஷிப்ட் நின்று செக்கிங் பார்த்துப் பின் கூறுக.

மற்றொன்றையும் சொல்லியாகல் வேண்டும். காப்பியும் தேநீரும் நம் நாட்டில் வெறும் பானங்களாய் இருந்ததில்லை. யார் எங்கே எதிற் குடிப்பது என்பதைக் கொண்டு மக்களைப் பிரிக்கும் கோடுகளாயும் இருந்தன. 'பிராமணாள்' என்னும் சொல்லை உணவுச்சாலைப் பலகைகளிலிருந்து நீக்க வேண்டிப் பெரியார் 1957-ல் சென்னையில் கிளர்ச்சி நடத்தினார். கொங்கு நாட்டுச் சிற்றூர்த் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை முறை, அரசியல் சட்டம் தீண்டாமையை 1950-ல் ஒழித்த பின்னரும் பல்லாண்டு நீடித்தது. ஒருவர்க்குக் கண்ணாடிக் குவளை. மற்றவர்க்குத் தனிக் குவளை, அதனையும் அவரே கழுவி வைத்தல் வேண்டும். காகிதக் குவளை வந்தபின் கழுவும் வேலை ஒழிந்தது. எல்லார்க்கும் காகிதமாயின் வழக்கும் ஒழிந்தது எனலாம். சிலர்க்குக் கண்ணாடியும் சிலர்க்குக் காகிதமும் நீட்டும் கடையில் ஒழிந்தது யாது? கடையைக் குறை கூறுவது எளிது. நம் வீட்டு அடுக்களையில், வேலைக்கு வருவோர்க்கென்று தனியே கவிழ்த்து வைத்த டம்ளர் இருக்கின்றதா என்று பார்த்தல் கடினம். வேத புத்தகம் வைத்திருக்கும் வீடுகளிலும் அந்த டம்ளரை யாம் கண்டிருக்கின்றோம்.

காப்பியைத் தாமே போடும் இளைஞர்க்கு இங்கே ஒரு வாய்ப்பு உண்டு. டம்ளரை எடுத்து வைப்பது போடுபவர் கையாதலின், எந்த டம்ளர் யார்க்கு என்னும் முடிவும் அவர் கைக்கு வருகின்றது. அரை லிட்டர்க் குடுவையில் நான்கு சிறு டம்ளர் காப்பி வரும். வீட்டார் மூவர் இருக்க, தண்ணீர்க் கேன் கொணர்ந்தவரோ துணி மூட்டை இறக்க வந்தவரோ வாயிலில் நிற்பராயின், நான்காவது டம்ளர் அவர்க்கு; அடுக்கிலிருந்து கைக்கு வந்த டம்ளர். பாட்டியார் முகம் சுளிப்பர். சுளித்த முகத்தோடேயே தம் காப்பியையும் குடித்து முடிப்பர்.

இக்குடுவையின் பெருங்குறையைக் கடைசிக்கு வைத்தோம். அதனைக் கழுவுதல் தொல்லை. மண்டி வலையின் கண்ணிற் புகுந்துகொள்ளும். தண்டினின்று தட்டுக்களைத் திருகிக் கழற்றித் தனித்தனியே தேய்த்தாலன்றி எண்ணெய் படிந்து மறுநாட் காப்பி நாறும். மண்டியைத் தொட்டியிற் கொட்டினால் குழாய் அடைக்கும். கொல்லையிலுள்ள மல்லிகைக்கோ கறிவேப்பிலைக்கோ இடுக. காப்பி போட்டுக் கொடுத்துப் புகழ் பெற்றுக்கொண்டு, கழுவும் குடுவையைத் தாய்க்கு விட்டுச் செல்லும் மைந்தர் சிலரையும் யாம் அறிவோம். போட்டவரே கழுவுதல் வேண்டும். காடாத் துணியையும் அலசி வெயிலில் உலர்த்துதல் வேண்டும்.